18 கிலோ அம்மி

“பாஸ், உங்க கப்பல்ல எல்லாருக்கும் சோகக் கதை இருக்கு. வேலைதான் யாருக்கும் இல்லை.”

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே என் அலுவலக நண்பர் சொன்னது. ஞாயிறு இரவு பதினொன்றரை மணி. நாலு மணி நேரம் விளையாடி முடித்து, மிக்சர் தட்டையும் பகடைகளையும் ஒதுக்கிவிட்டு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

எங்கள் குழுவில் நான்தான் டிஎம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, வேளச்சேரியில் என் வீட்டு ஹாலில் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற மேசை விளையாட்டு. கதையை நடத்துகிற அந்த ஒருவர்தான் டிஎம். புதுக் கேம்பெய்னை, அதாவது மாதக்கணக்கில் நீளும் புதுக் கதையை, ஓர் ஆகாயக் கப்பலில் நடத்தலாம் என்று முடிவு செய்திருந்தேன். கப்பலின் பெயர் வெண்ணாரை. மலைத்தொடருக்கு மேலே தபாலும் சரக்கும் கொண்டுபோகிற பழைய கப்பல். விளையாடுகிற நாலு பேரும் அதில் பயணிகள். விளையாட்டின் 2014 விதிப்புத்தகத்தில் ஆகாயக் கப்பலுக்கு ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள்: விலை 20,000 பொற்காசு, ஆட்கள் 10, பயணிகள் 20. அந்தப் பத்துப் பேர் யார், பொழுதெல்லாம் என்ன செய்வார்கள் என்றெல்லாம் அந்த அட்டவணையில் கிடையாது. எனக்கு அது கொண்டாட்டமாகப் போயிற்று. கேப்டனையும் சேர்த்து 11 பேரை இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.

ஆளுக்கு ஒரு பக்கம். அந்தப் பதிப்பின் கேரக்டர் ஷீட்டில், அதாவது கதாபாத்திரத்தின் விவரத் தாளில் வருமே, இயல்பு, இலட்சியம், பிணைப்பு, குறை என்று நாலு பெட்டி. அந்த நாலையும் ஒவ்வொருவருக்கும் நிரப்பினேன். கேப்டனின் மகளை ஒரு டிராகன் கொன்றுவிட்டது. துணைக் கேப்டன் நாடு கடத்தப்பட்ட இளவரசி. இஞ்சின் பார்க்கிற குள்ளருக்கு ஒரு சபதம். கயிறு கட்டுகிறவனுக்கு இன்னொரு சபதம். இரண்டு பேருக்கு ஒற்றைக் கண். சத்தியமாக எழுதும்போது கவனிக்கவே இல்லை. மூன்றாவது செஷனில் “அந்த ஒத்தக் கண்ணு ஆளைக் கூப்பிடுங்க” என்று ஒருவர் சொல்ல, “எந்த ஒத்தக் கண்ணு?” என்று இன்னொருவர் கேட்க, மேசையே சிரித்தது. பெயர் ஒன்றுகூட யாருக்கும் மனசில் நிற்கவில்லை. பதினோராவது ஆளான சமையல்காரிக்கு மட்டும் நேரமில்லாமல் ஒரே வரி எழுதி வைத்திருந்தேன்: “மிர்தா, 60 வயது, காரம் தூக்கலாகப் போடுவாள்.”

அன்றைக்குத்தான் வாசலில் அந்த வார்த்தை விழுந்தது.

மலைக்கு மேல் ஒரு கணக்கு

நாலாவது செஷனுக்கு நான் வைத்திருந்த திட்டம் வேறு. கப்பலைத் தூக்கி நிறுத்துகிற வாயுப்பைகளில் ஒன்று புயலில் கிழியும், கப்பல் இறங்க ஆரம்பிக்கும், எதிரே கணவாய். அந்த நெருக்கடியில் கேப்டன் தன் மகளைப் பற்றி ஒரு நீண்ட வசனம் பேசுவார், எல்லாரும் கண் கலங்குவார்கள். வசனத்தை எழுதியே வைத்திருந்தேன்.

எங்கள் மேசையில் என் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள். ஆடிட்டர். விளையாட்டிலும் நீள நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் பத்தி பிரித்து எழுதுவாள். கப்பல் இறங்குகிறது என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி: “எவ்வளவு எடை குறையணும்?” நான் அதை யோசிக்கவே இல்லை. வாய்க்கு வந்தபடி “300 கிலோ” என்றேன். உடனே கோடு போட ஆரம்பித்துவிட்டாள். மணல் மூட்டைகள் போயின. உப்பு மூட்டைகள் போயின. தபால் பைகளைத் தள்ளுவதா வேண்டாமா என்று கொஞ்சம் சண்டை; அப்புறம் இரண்டு பை போயிற்று. கடைசியில் 25 கிலோ நின்றது.

“சரி, கப்பல் ஆட்கள் ஆளுக்கு என்ன சாமான் வச்சிருக்காங்க? கேப்டன்லேர்ந்து சொல்லு.”

கேப்டனின் பக்கத்தைப் புரட்டினேன். மகள் இருந்தாள், டிராகன் இருந்தது, பழி இருந்தது. அவர் அறையில் ஒரு பெட்டியாவது இருக்கிறதா என்றால் ஒரு வார்த்தை இல்லை. “ஒரு கத்தி” என்றேன். “எத்தனை கிலோ?” “ஒன்றரை.” 1.5 என்று எழுதிக்கொண்டாள். இளவரசியிடம் மோதிரம் என்றேன். அதை அவள் எழுதக்கூட இல்லை, என்னை நிமிர்ந்து பார்த்தாள். இப்படியே வரிசையாக வந்து சமையல்காரியிடம் நின்றோம். அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “மிர்தாகிட்ட ஒரு அம்மி இருக்கு. குழவியோட 18 கிலோ.”

மேசை அமைதியாகிவிட்டது. பறக்கிற கப்பலில் எதற்கு அம்மி என்று அலுவலக நண்பர் கேட்டார். மிர்தாவின் குரலில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. “பொடியைத் தூவி இறக்கச் சொல்றியா தம்பி? இங்க மேல ஏற ஏற நாக்கு செத்துப்போகுது. அரைச்சுப் போட்டாத்தான் ஒருவாய் உள்ள இறங்கும்.” சரி, இந்தக் கனத்தைக் கப்பலில் ஏற்ற யார் அனுமதித்தது? அடுத்த பதிலும் யோசிக்காமல்தான் வந்தது. “கேப்டன்தான். தன் கட்டிலை எறக்கி வச்சுட்டு இதை ஏத்தினாரு. அவர் கயித்துத் தொட்டில்லதான் படுக்கிறாரு, பாத்ததில்லையா?”

யாரும் பார்த்ததில்லை. எனக்கே அந்த நிமிடம்தான் தெரியும். ஒரு பக்கம் முழுக்க மகள் கதை எழுதியும் வராத கேப்டன், கட்டிலை இறக்கிவைத்த ஒரே வாக்கியத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வசனத் தாளை மடித்து ஷீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

அப்புறம் 40 நிமிடம் அந்த அம்மிக்காக வாக்குவாதம். கணவாய் நெருங்கிக்கொண்டிருக்கிறது, நான் மேசையைத் தட்டித் தட்டி உயரத்தைச் சொல்கிறேன், இவர்கள் அம்மி பற்றிப் பேசுகிறார்கள். அம்மியை மட்டும் தள்ளினாலும் கணக்கு முடியாது, இன்னும் 7 கிலோ நிற்கும் என்றாள் ஆடிட்டர். அதுவரை பேசாமல் இருந்த என் சித்தி பையன் எழுந்தான். விளையாட்டில் அவன் போர்வீரன். போன கேம்பெய்னில் ஒன்பது மாதம் காசு சேர்த்து வாங்கிய முழு இரும்புக் கவசம் அவனுடையது. விலை 1,500 பொற்காசு, எடை 65 பவுண்டு, அதாவது சுமார் 29 கிலோ. அந்தக் கவசத்தைப் பற்றி அவன் பேசாத ஞாயிறு கிடையாது. “அண்ணா, என் கவசத்தைக் கழட்டித் தள்ளிடறேன்” என்றான். ஷீட்டில் அந்த வரியை ரப்பரால் அழித்தான். பென்சில் அழுந்த எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. இப்போதும் அந்தத் தாளைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

எடை போட்டு ஏற்றிய மனிதர்கள்

அந்த வாரம்தான் நிஜ ஆகாயக் கப்பல்களைப் பற்றி வெறிபிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை படம் பார்த்து வரைந்துகொண்ட கப்பல்தான் என்னுடையது. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஒரு கிலோவைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும், அவ்வளவுதான். அப்படியானால் மிர்தாவின் அம்மியைத் தூக்கி நிறுத்தவே ஒரு சின்னச் சமையலறை கொள்ளும் அளவு வாயு வேண்டும். கடல் கப்பலில் ஓர் ஆள் தன் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆகாயக் கப்பலில் ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் ஏற்கெனவே கையில் தூக்கிப் பார்த்து “இருக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறார்.

மனிதர்களுக்கும் அதே கணக்குதான். 1919 ஜூலையில் பிரிட்டனின் ஆர்34 என்ற ஆகாயக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போனது. 108 மணி நேரப் பயணம். எடை குறைக்க வேண்டும் என்று வில்லியம் பாலன்டைன் என்கிற சொந்த ஆளையே கரையில் விட்டுவிட்டார்கள். அவர் கேட்கவில்லை. புறப்படுவதற்கு முன்பே உள்ளே ஏறி, வாயுப்பைகளுக்கு நடுவே சட்டங்களில் ஒளிந்துகொண்டார், கப்பலின் பூனைக்குட்டியையும் கூட வைத்துக்கொண்டு. வாயு நெடியில் உடம்புக்கு முடியாமல் போய் அவராகவே வெளியே வரும்போது கீழே கடல். இனி இறக்கிவிடவும் முடியாது. நான் எழுதிய 11 பக்கத்தில் இந்த ஓர் ஆளுக்கு ஈடாக ஒருவரும் இல்லை. அவருக்குச் சபதமோ பழியோ கிடையாது. அவர் கப்பல், அது அவரில்லாமல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

பூனை என்றதும் இன்னொன்று. 1910 அக்டோபரில் வால்டர் வெல்மன் ‘அமெரிக்கா’ என்ற ஆகாயக் கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டப் புறப்பட்டார். ஆறு பேர், கிட்டோ என்று ஒரு பூனை. பூனை கத்திய கத்தலில் தலைமைப் பொறியாளர் வானிமன் கடுப்பாகி, இந்தப் பாழாய்ப்போன பூனையை வந்து எடுத்துப் போ என்கிற பொருளில் கரைக்கு ரேடியோச் செய்தி அனுப்பினார். பையில் போட்டுக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார்கள். அலை அதிகமாக இருந்ததால் திரும்ப மேலே இழுத்துக்கொண்டார்கள். பயணம் பாதியில் முடிந்து ஆறு பேரையும் ஒரு நீராவிக் கப்பல் மீட்டது, பூனையும் பிழைத்தது.

ஆனால் என்னை நிஜமாகவே மாற்றியது வேலைகள். ஜெர்மன்காரர்களின் பெரிய ஆகாயக் கப்பல்களான ஜெப்பலின்களில் சக்கரம் இரண்டு. இடவலம் திருப்புகிற சுக்கான் சக்கரத்தில் நிற்பவர் முன்பக்கம் பார்ப்பார். ஏற்ற இறக்கத்துக்கான சக்கரத்தில் நிற்பவர் கப்பலின் இடப்பக்கம் பார்த்து, அதாவது போகிற திசைக்குப் பக்கவாட்டில் நிற்பார். மூக்கு தூக்குகிறதா தாழ்கிறதா என்பது அப்படி நின்றால்தான் கால் வழியாகத் தெரியும். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஹாலில் பக்கவாட்டாக நின்று பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து என்னடா என்று எட்டிப் பார்த்தார். ஒரு வேலைக்காக மணிக்கணக்கில் இப்படி நிற்கிற மனிதர் எப்படி நடப்பார், தரையில் இறங்கினால் கடைத்தெருவில் எந்தத் தோள் முன்னால் போகும், தூக்கத்தில் எந்தக் காலை மாற்றிப் போடுவார்? கேட்கக் கேட்கத் தானாக ஓர் ஆள் வருகிறார்.

அதேபோல் ஜெப்பலினில் கப்பல் பாய் தைக்கிறவர் என்று ஒருவர் உண்டு. ஊசியும் பசையுமாக வாயுப்பைகளுக்கு நடுவே நடந்து ஓட்டை தேடி ஒட்டுவதுதான் அவர் வேலை. ஆரம்பகாலப் பைகளின் உட்பூச்சுக்கு மாட்டுக் குடலின் சவ்வு. முதல் உலகப்போரில் ஒரு ஜெப்பலினுக்கே லட்சக்கணக்கான மாடுகளின் குடல் தேவைப்பட்டது. 1928 அக்டோபரில் கிராஃப் ஜெப்பலின் முதன்முறை அமெரிக்கா போனபோது, நடுக்கடலில் புயல் அடித்து வாலில் இடப்பக்கத் துடுப்பின் துணி கிழிந்துவிட்டது. தைக்க ஆள் வெளியே போக வேண்டும். போனவர்களில் ஒருவர் கமாண்டர் ஹியூகோ எக்கனரின் மகன் க்னூட். வெளியே நிற்பவர்களைக் காற்று அடித்துப் போகாமல் இருக்க இஞ்சினைத் தணித்தார்கள். தணித்தால் கப்பல் கடலை நோக்கி இறங்குகிறது. மகன் துடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இஞ்சினை மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டிய நிலை அப்பாவுக்கு. அத்தனை பேரும் பிழைத்தார்கள், 111 மணி நேரத்தில் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் போய்ச் சேர்ந்தார்கள். என் கேப்டனுக்கு இறந்துபோன மகளை எழுதியிருந்தேனே, உயிரோடு இருக்கிற, கப்பலிலேயே வேலை செய்கிற மகளை எழுதியிருக்க வேண்டும். இப்போது அவள்தான் பாய் தைக்கிறவள். டிராகனை எடுத்துவிட்டேன்; யாரும் தேடவில்லை.

மேசையில் இவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு சின்னத் தகராறு வந்தது. ஏற்ற இறக்கச் சக்கரக்காரரை ஆங்கிலத்தில் சொல்கிறபடி ‘எலிவேட்டர்மேன்’ என்றால் எல்லாருக்கும் லிஃப்ட் ஆபரேட்டர்தான் ஞாபகம் வருகிறார். நம்மிடம் நல்ல கப்பல் சொற்கள் இருக்கின்றன. சுக்கான் அரபியிலிருந்து வந்தது, அதைப் பிடிக்கிறவர் சுக்கானி. தூத்துக்குடித் தோணியில் தலைவர் தண்டல். ஆக, இடவலக்காரர் சுக்கானி, ஏற்ற இறக்கக்காரர் மேல்சுக்கானி. அந்தப் பெயர் வைத்த அடுத்த செஷனிலேயே எல்லாரும் மறக்காமல் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அவர் பெயர் பிளாக்வுட். தமிழில் பேசி விளையாடும் மேசையில் ஏன் எல்லாரும் பிளாக்வுட்டாகவே இருக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கையுறை தைத்த கதை

பெங்களூரில் ஒரு நண்பன் இருக்கிறான், பல வருடமாக டிஎம். இதையெல்லாம் போனில் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. “டேய், ஒரு என்பிசிக்கு ஒரு குரல், ஒரு கோணங்கித்தனம், அது போதும். ஆடுறவங்கதான் ஹீரோ. நீ பாயைத் தைச்சுக்கிட்டு இருந்தா அவங்க எப்ப சண்டை போடுவாங்க?” என்பிசி என்றால் டிஎம் நடத்துகிற துணைப் பாத்திரம். அவன் சொன்னது பாதி நியாயம்தான். சத்திரத்தில் ஒரு ராத்திரி பார்க்கிற ஆளுக்குக் கோணங்கித்தனம் போதும். மாதக்கணக்கில் கூடவே வருகிறவருக்கு அது பற்றாது. திக்கிப் பேசுகிறவர் முதல் செஷனில் சுவாரசியம், மூன்றாவதில் அலுப்பு. வேலை அப்படி அலுக்காது. கப்பல் பறக்கிற வரை மேல்சுக்கானி தேவை. ஒவ்வொரு புயலிலும் அவர் வேறு மாதிரி தேவைப்படுவார்.

அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆடுகிறவர்கள்தான் ஹீரோ என்றால் அவர்கள் ஏன் பயணிகளாக இருக்க வேண்டும்? வெண்ணாரையில் ஆள் குறைகிறது என்று கதை கட்டி, நாலு பேரையும் வேலைக்குச் சேர்த்தேன். நம் ஆட்கள் கேரக்டர் உருவாக்கும்போது முக்கால்வாசி அனாதை, தனி ஓநாய், யாரையும் நம்பாதவன். இதற்கு ஆகாயக் கப்பல் நல்ல மருந்து. ஒருவர் காவல் முடித்து வருகிற சூட்டோடு அதே தொட்டிலில் இன்னொருவர் படுக்கிற இடத்தில் தனி ஓநாயாக எத்தனை நாள் இருந்துவிட முடியும்? என் புதுத் தாளில் இப்போது நாலு பெட்டி கிடையாது. கப்பலில் எங்கே நிற்கிறாய், எடை அனுமதியில் என்ன கொண்டுவந்தாய், உன் தொட்டிலில் அடுத்துப் படுப்பது யார் என்று கேட்கிறேன். சோகக் கதையை அவர்களாகவே கொண்டுவருகிறார்கள், அதற்குத் தாள் தேவையில்லை.

பிரச்சினை அலுவலக நண்பரிடம் வந்தது. அவர் மந்திரவாதி, கையிலிருந்து நெருப்பு விடுகிறவர். ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஜெப்பலினில் ஏறும்போது பயணிகளின் தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். புகைக்க ஒரே ஓர் அறை, ஹைட்ரஜன் உள்ளே கசியாதபடி அழுத்தம் கூட்டி, இரட்டைக் கதவு போட்டு வைத்திருந்தார்கள். அதற்குள் ஒரே ஒரு மின் லைட்டர். இதை அப்படியே எங்கள் கப்பலுக்கும் கொண்டுவந்துவிட்டேன். தீப்பெட்டியைப் பிடுங்கலாம், விரலை என்ன செய்வது? ஒரு முழு செஷன் இந்த வழக்கில் போனது. நண்பர் சட்டம் பேசினார், சத்தியம் செய்து தருகிறேன் என்றார். கடைசியில் கேப்டனின் மகள் தீர்ப்புச் சொன்னாள்: பணி நேரத்தில் பத்து விரலும் ஒன்றாகத் தைத்த குடல்தோல் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், பிரிக்கிற கத்தரிக்கோல் அவளிடம் இருக்கும். அதற்கப்புறம் நெருப்பு தேவைப்படும் ஒவ்வொரு சண்டையிலும் அவர் கப்பலின் நடைபாலத்தில் “கத்தரி! கத்தரி!” என்று கத்திக்கொண்டு ஓடுகிறார். வேலை இல்லை என்று வாசலில் சொன்ன அதே மனிதர்.

நட்டமும் இல்லாமலில்லை, சொல்லிவிட வேண்டும். இவர்கள் இப்போது கப்பலை விட்டு இறங்க மறுக்கிறார்கள். மூன்று வாரம் வரைந்த பாதாள நகரம் ஒன்று இன்னும் மடித்தபடியே இருக்கிறது. அதன் வாசலில் நங்கூரம் போட்டுவிட்டு, இரண்டு செஷன் முழுக்க மழைத்தண்ணீர் பிடிக்கிற தொட்டியின் ஓட்டையைச் சரிசெய்தார்கள். பெங்களூர் நண்பனுக்கு இதை நான் சொல்லவில்லை.

ஹிண்டன்பர்க்கில் வெர்னர் ஃபிரான்ஸ் என்று 14 வயதுப் பையன் ஒருவன் வேலைக்கு இருந்தான். 1937 மே 6 அன்று கப்பல் எரிந்தபோது தலைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து அவன் மேல் கொட்டியது. நனைந்தவன் சாமான் ஏற்றும் வழியாகக் குதித்துத் தப்பினான். அப்புறம் சாம்பலுக்குள் தேடிப் போனது அவன் தாத்தாவின் பாக்கெட் கடிகாரத்தை. கிடைத்தது. கப்பலில் 36 பயணிகளும் 61 ஆட்களும் இருந்தார்கள். அவர்களில் 35 பேர் இறந்தார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்தக் கடிகாரத்தில் வந்து நின்றுவிடுகிறேன். வெண்ணாரைக்கும் ஒரு சிறுவனை எழுத வேண்டும் என்று தாள் எடுத்து வைத்திருக்கிறேன். என்ன கொண்டுவந்தான் என்கிற இடம் மட்டும் இன்னும் காலி.

போன ஞாயிறு எல்லாரும் 7ஆம் லெவல் ஏறினார்கள். துறைமுக ஊர், கவசக் கடை, பையில் நிறையவே காசு. ஆடிட்டர் கணக்கு பார்த்து, உனக்கு 1,500 ஒதுக்கியிருக்கேன், போய் வாங்கிக்கோ என்றாள். என் சித்தி பையன் கடைக்குள் போனான், கவசத்தைத் தட்டிப் பார்த்தான், விலை கேட்டான், வெளியே வந்தான். பக்கத்துக் கடையில் மிர்தாவுக்கு அரைக் கிலோ காய்ந்த மிளகாய் வாங்கினான்.

“ஏன்டா?” என்றேன்.

“கனம் கூடிடும்ணா.”